ஏழாவது பயணத்துக்கு முந்தைய பக்கங்கள்

வோல்ஃப்காங் பீட்டர்சன் இயக்கி 1981-ல் வெளிவந்த ‘தாஸ் போட்’ லா ரோஷெல் துறைமுகத்தில் தொடங்குகிறது. காலம் 1941 இலையுதிர்காலம் என்று திரையில் எழுத்து ஓடுகிறது. யு-96 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி அங்கிருந்து அட்லாண்டிக்குக்குப் புறப்படுகிறது. அந்தப் பெயரில் ஒரு நீர்மூழ்கி நிஜமாகவே இருந்தது. 1941 அக்டோபர் 27 அன்று அது ரோந்துக்குக் கிளம்பியதும் நிஜம். ஆனால் கிளம்பிய துறைமுகம் லா ரோஷெல் இல்லை. லுவார் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ள செயின்ட் நசேர்.

இந்த ஒரு முரண்தான் என்னை ஆவணங்களுக்குள் இழுத்தது. ஊர்ப்பெயர் மாறியது பெரிய விஷயமில்லை. அதற்கான காரணமும் சீக்கிரமே கிடைத்துவிட்டது. கதையின் மூலமான நாவலில் தளம் செயின்ட் நசேர்தான். போருக்குப் பிறகு அந்த ஊர் மிகவும் மாறிவிட்டதால், அவ்வளவாக மாறாத லா ரோஷெலைப் படக்குழு தேர்ந்தெடுத்தது. அங்கே லா பாலிஸில் ஜெர்மானியர் கட்டிய கான்கிரீட் நீர்மூழ்கிக் கொட்டடி இன்றும் நிற்கிறது. படத்தில் காண்பது அதைத்தான். 1941 அக்டோபரில் அந்தக் கொட்டடி கட்டி முடிக்கப்படவே இல்லை.

என்னை விடாமல் பிடித்துக்கொண்டது வேறொரு கேள்வி. ஜெர்மன் போர்வீரர்களின் பக்கமிருந்து எடுத்த படங்களில் ‘தாஸ் போட்’ அளவுக்கு நிஜமானது இல்லை என்று நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். நீர்மூழ்கியில் இருந்தவர்களே அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நிஜம் எதன் நிஜம்? திரையில் ஓடும் பயணத்தையும் காகிதத்தில் உள்ள பயணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது மிஞ்சும், எது காணாமல் போகும்?

ஒப்பிட்டுப் பார்க்கக் காகிதம் இருப்பதே ஒரு அதிர்ஷ்டம். ஜெர்மனி தோற்கும் நாட்களில் பல துறைகள் தங்கள் கோப்புகளைக் கொளுத்தின. கடற்படையின் ஆவணக் கிடங்கு மட்டும் பவேரியாவில் கோபுர்க் அருகே தம்பாக் கோட்டையில் ஏறக்குறைய முழுசாகத் தப்பியது. 1945 ஏப்ரலில் அது நேசநாட்டுப் படைகளின் கைக்கு வந்தது. எல்லாவற்றையும் லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். அமெரிக்கக் கடற்படை மைக்ரோஃபிலிமில் பதிவு செய்தது. மூலக் கோப்புகள் பிற்பாடு மேற்கு ஜெர்மனிக்குத் திரும்பி, இப்போது ஃப்ரைபுர்க் நகரிலுள்ள கூட்டாட்சி ஆவணக்காப்பகத்தின் ராணுவப் பிரிவில் இருக்கின்றன. சுருள்களின் நகல் வாஷிங்டனில் தேசிய ஆவணக்காப்பகத்தில் டி-1022 என்ற வரிசையில் கிடைக்கிறது. ஹிட்லரின் நீர்மூழ்கிகளைப் பற்றி எழுதுகிற எவரும் கடைசியில் வந்து நிற்கும் வாசல் இது.

ஒவ்வொரு நீர்மூழ்கிக்கும் ஒரு போர் நாட்குறிப்பு உண்டு. தேதியும் மணியும் ஒரு பத்தியில்; இடம், காற்று, அலை, பார்வைத் தூரம் அடுத்ததில்; நடந்தது மூன்றாவதில். அட்சரேகை தீர்க்கரேகை கிடையாது. கடலையே கட்டம் கட்டமாகப் பிரித்து, இரண்டு எழுத்தும் நான்கு இலக்கமும் கொண்ட குறியீட்டில்தான் இடத்தைச் சொல்வார்கள். கரைக்கு வந்ததும் தட்டச்சு செய்து, தளபதி கையெழுத்திட்டு மேலிடத்துக்கு அனுப்புவார். நீர்மூழ்கிப் படைத் தலைவர் டோனிட்ஸின் அலுவலகம் படித்துவிட்டுக் கடைசியில் தன் மதிப்பீட்டைச் சேர்க்கும். ஆகவே இது அந்தரங்கமான டைரி இல்லை. மேலதிகாரி படிப்பார் என்று தெரிந்தே எழுதியது. பயத்துக்கும் இரக்கத்துக்கும் அந்தப் பத்திகளில் இடம் ஒதுக்கப்படவில்லை.

யு-96-ன் அந்த ஏழாவது பயணத்தின் எலும்புக்கூடு இதுதான். அக்டோபர் 27 புறப்பாடு. 31-ம் தேதி, பிரிட்டனிலிருந்து தெற்கே ஃப்ரீடவுன் நோக்கிப் போன கப்பல் அணியைத் தாக்கி, பென்னெகோம் என்ற டச்சுச் சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. உடனே லல்வொர்த் என்ற பிரிட்டிஷ் காவல் கப்பல் யு-96-ஐத் துரத்தி ஆழ்குண்டுகள் போட்டது. பிறகு நீண்ட வெறுமை. நவம்பர் இறுதியில் ஸ்பெயினின் விகோ துறைமுகத்துக்குள் இரவில் நுழைந்து, அங்கே முடங்கிக் கிடந்த பெஸல் என்ற ஜெர்மன் கப்பலிடம் எரிபொருளும் உணவும் ஏற்றிக்கொண்டது. நவம்பர் 30 இரவு ஜிப்ரால்டர் நீரிணையைக் கடக்க முயன்றபோது பிரிட்டிஷ் ஸ்வார்ட்ஃபிஷ் விமானம் ஒன்றின் குண்டில் அடிபட்டது. மத்தியதரைக் கடலுக்குள் போகாமல் திரும்பி, டிசம்பர் 6 அன்று செயின்ட் நசேரை அடைந்தது.

படம் பார்த்தவர்களுக்கு இதில் பாதி உடனே அடையாளம் தெரியும். வெறுமையான வாரங்கள், விகோவில் நல்ல உடுப்புப் போட்ட ஆட்கள் விருந்து வைக்க அழுக்கும் தாடியுமாக உள்ளே போய் நிற்கும் மாலுமிகள், ஜிப்ரால்டரில் இருட்டிலிருந்து வரும் விமானம், எல்லாம் திரையில் உண்டு. மீதிப் பாதி விலகுகிறது. திரையில் படகு குண்டடிபட்டு 280 மீட்டர் ஆழத்தில் தரையில் போய் உட்கார்கிறது. உயிர் பிழைத்துத் துறைமுகம் வந்ததும் விமானத் தாக்குதல் நடக்கிறது. மாலுமிகள் சாகிறார்கள், தளபதி தன் படகு மூழ்குவதைப் பார்த்தபடியே சரிகிறார். நிஜத்தில் டிசம்பர் 6-ம் தேதி அந்தத் துறைமுகத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. தளபதி ஹைன்ரிஷ் லேமன்-வில்லன்ப்ராக் நலமாகக் கரை இறங்கினார். டிசம்பர் 31 அன்று அவருடைய நைட்ஸ் கிராஸ் பதக்கத்துக்கு மேல் ஓக் இலைகள் சேர்த்து வழங்கப்பட்டன. அவர் இறந்தது 1986-ல், பிரேமன் நகரில். இடையில் இந்தப் படத்துக்கே அவர் ஆலோசகராக இருந்தார்.

படகின் முடிவு மட்டும் முழுக் கற்பனை இல்லை. யு-96 பிற்காலத்தில் பயிற்சிப் படகாகி, 1945 மார்ச் 30 அன்று வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகத்தில் அமெரிக்க விமானக் குண்டுவீச்சில் மூழ்கியது. நடந்த ஒன்றை மூன்றே கால் ஆண்டு முன்னால் நகர்த்தி, அப்போது அங்கே இல்லாத மனிதர்களை அதன் அருகில் நிறுத்தியிருக்கிறது கதை.

ஜிப்ரால்டர் இரவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1941 நவம்பரில் வட ஆப்பிரிக்காவில் ஜெர்மன் தளபதி ரோம்மலின் படைக்குப் போகும் கப்பல்களைப் பிரிட்டன் அடித்துக்கொண்டிருந்தது. அதனால்தான் அட்லாண்டிக்கில் இருந்த நீர்மூழ்கிகள் மத்தியதரைக் கடலுக்குத் திருப்பி விடப்பட்டன. அந்த மாதம் 13-ம் தேதி ஜிப்ரால்டருக்கு அருகில் ஆர்க் ராயல் என்ற விமானந்தாங்கியை யு-81 தாக்கியது. மறுநாள் அது மூழ்கியது. கப்பலை இழந்த 812-வது விமானப் பிரிவு ஜிப்ரால்டர் தரையிலிருந்து பறக்கத் தொடங்கியது. இறக்கையில் துணி போர்த்திய, இரட்டை இறக்கை கொண்ட அதன் பழைய பாணி ஸ்வார்ட்ஃபிஷ் விமானங்களில் ஒன்றுதான் ரேடார் துணையோடு யு-96-ஐ இருட்டில் கண்டுபிடித்தது. போர் முடியும்வரை மத்தியதரைக் கடலுக்குள் அறுபதுக்கும் மேற்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிகள் போயின. ஒன்றுகூட அட்லாண்டிக்குக்குத் திரும்பவில்லை. திரையில் அவர்களைச் சாவின் விளிம்புக்குத் தள்ளும் அந்தக் குண்டு, நிஜத்தில் அவர்களைத் திரும்பி வர வைத்த குண்டு.

இனி சாட்சிக்கு வருகிறேன். அந்தப் பயணத்தில் ஒரு விருந்தாளி இருந்தார்: லோத்தார்-குன்தர் புக்ஹைம், 23 வயது, ஓவியர், கடற்படைப் பிரச்சாரப் பிரிவின் செய்தியாளர். படத்தில் வரும் வெர்னர் என்ற இளம் செய்தியாளர் அவர்தான். கேமராவும் குறிப்பேடுமாக ஏறியவர் ஆயிரக்கணக்கில் படமெடுத்தார். நீர்மூழ்கி வாழ்வை அவர் ஒரு முறை மட்டும் எழுதவில்லை. 1943-ல், நாஜி ஆட்சியின்போதே, ‘யேகர் இம் வெல்ட்மேர்’ என்ற புத்தகம் போட்டார். உலகக் கடலின் வேட்டைக்காரர்களைப் புகழும் புத்தகம். முப்பது ஆண்டுகள் கழித்து 1973-ல் ‘தாஸ் போட்’ நாவல். 1976-ல் தன் புகைப்படங்களைக் கொண்டு நீர்மூழ்கிப் போர் பற்றிய பெரிய தொகுப்பு. 1943-ன் மனிதர்கள் வேட்டைக்காரர்கள். 1973-ன் மனிதர்கள் இரை. படகு ஒன்று, சாட்சி ஒருவர். மாறியது காலமும், எதைச் சொல்லலாம் என்ற நிலைமையும்தான். கனடிய ஆய்வாளர் மைக்கேல் ஹாட்லி, ஜெர்மன் நீர்மூழ்கியின் பிம்பம் இரண்டு உலகப் போர்களின் வழியே எப்படி உருவாக்கப்பட்டது என்று 1995-ல் எழுதிய நூலில் புக்ஹைமுக்குக் கணிசமான இடம் தருகிறார். அதைப் படித்த பிறகு நாவலை முன்போல வாசிக்க முடியாது.

இன்னொரு சாட்சியும் உண்டு. படகின் இயந்திரப் பொறுப்பாளர் ஃபிரீட்ரிஷ் கிராடே தனக்கென்று ஒரு நாட்குறிப்பு எழுதிவைத்திருந்தார். கெரிட் ரைஷெர்ட் 2019-ல் வெளியிட்ட நூலின் வழியாக அது பொதுப்பார்வைக்கு வந்தது. படத்தில் ஊரில் நோயாளி மனைவியை விட்டுவிட்டு வந்து, கடலடியில் தூக்கமில்லாமல் படகை ஒட்டுப்போட்டுக் காப்பாற்றுகிற அந்தப் பொறியாளரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாத்திரத்தின் நிழலுக்குச் சொந்தக்காரர் இவர். நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தார்.

இப்போது படத்தின் பெருமையைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் குறை சொல்லப் போவது நியாயமாகாது. யு-96 போன்ற ஏழாம் வகை-சி நீர்மூழ்கி 67 மீட்டர் நீளம். ஆனால் மனிதர்கள் வாழும் அழுத்தக் கூட்டின் விட்டம் ஐந்து மீட்டர்கூட இல்லை. அதற்குள் நாற்பத்தைந்து ஐம்பது பேர். இருவருக்கு ஒரு படுக்கை. ஒருவர் எழுந்தால் அந்தச் சூட்டிலேயே மற்றவர் படுப்பார். இரண்டு கழிப்பறைகளில் ஒன்றில் புறப்படும்போது உணவுப் பொருள் அடைத்திருக்கும். மியூனிக் அருகே பவேரியா ஸ்டுடியோவில் கலை இயக்குநர் ரோல்ஃப் ஸெஹெட்பாவர் அந்தக் குழாயை அசல் அளவிலேயே கட்டினார். வழக்கமாகப் படப்பிடிப்பில் ஒரு சுவரை எடுத்துவிட்டு கேமராவுக்கு வழி செய்வார்கள். இங்கே செய்யவில்லை. ஒளிப்பதிவாளர் யோஸ்ட் வகானோ சுழலி பொருத்திய சிறிய கேமராவைக் கையில் ஏந்தி, கதவு வளையங்களுக்குள் குனிந்து நுழைந்து, மாலுமிகளுக்குப் பின்னால் ஓடியபடியே எடுத்தார். கூடம் முழுவதையும் ஹைட்ராலிக் மேடையில் ஏற்றிச் சாய்த்தார்கள், குலுக்கினார்கள். காட்சிகளைக் கதை வரிசையிலேயே எடுத்ததால் தாடி நிஜமாக வளர்ந்தது. வெயில் படாமல் நடிகர்களின் முகம் நிஜமாகவே வெளுத்தது. 3 கோடியே 20 லட்சம் மார்க் செலவு, அந்நாளைய ஜெர்மன் சினிமாவில் கேள்விப்படாத தொகை. பின்னணியில் சோனார் ஒலி தட்டத் தட்ட, மேலே நிமிர்ந்து பார்க்கும் முகங்களை நான் எத்தனை முறை பார்த்தாலும் என் மூச்சும் நிற்கிறது. பயத்தை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய போர்ப்படம் வேறு எனக்குத் தெரியாது.

புக்ஹைமுக்கே படம் பிடிக்கவில்லை. அவர் எழுதிய திரைக்கதையை எடுத்திருந்தால் ஆறு மணி நேரம் ஓடியிருக்கும், அது ஏற்கப்படவில்லை. வெளியான படத்தில் மலிவான அமெரிக்க அதிரடியும் போர்க்கால ஜெர்மன் செய்திப்படத்தின் வாடையும் கலந்திருப்பதாக அவர் குற்றம் சாட்டினார். மாலுமிகள் அளவுக்கு மீறிக் கத்துகிறார்கள் என்பதும் அவருடைய புகார். செய்திப்படத்தின் வாடை பற்றிப் பேச அவரைவிடத் தகுதியான ஆள் கிடைப்பது அரிது. அந்தச் செய்திகளைத் தயாரித்த இயந்திரத்தில் அவரும் வேலை பார்த்தவர்.

ஆனால் என் தேடலைத் திருப்பியது அவருடைய புகார் இல்லை. அவர் ஏறிய தேதி. ஏழாவது பயணம் என்றால், அதற்கு முன் ஆறு இருந்திருக்க வேண்டும் அல்லவா? அதே படகு, அதே தளபதி, மாலுமிகளில் பலர் அதே ஆட்கள். நாட்குறிப்பில் பின்னோக்கிப் போனேன்.

இரண்டாவது பயணம், 1941 ஜனவரி 9 முதல் 22 வரை. 16-ம் தேதி ஒரோபேசா என்ற பிரிட்டிஷ் பயணிக் கப்பல். மறுநாள் 17-ம் தேதி அல்மேடா ஸ்டார், ஏறக்குறைய 15,000 டன். லிவர்பூலிலிருந்து தென் அமெரிக்கா நோக்கிப் போன கப்பல் அது. 360 பேர் இருந்தார்கள். அதில் நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் கடற்படை விமானப் பிரிவினர். பெண்களும் குழந்தைகளும் அடங்கிய பயணிகளும் உண்டு. தாக்கப்பட்டதாக வானொலியில் ஒரு அழைப்பு வந்தது. தேடப் போன கப்பல்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஒருவரும் பிழைக்கவில்லை.

இதை வாசித்தபோது எனக்கு உறைத்தது ஆவணம் பற்றிய ஒரு விஷயம். பிரிட்டிஷ் பக்கம் இந்தச் சாவுகளுக்குச் சாட்சி கிடையாது. அந்தக் கப்பல் எப்படி மூழ்கியது, எத்தனை டார்பிடோ, எவ்வளவு நேரம் என்பதற்கெல்லாம் இருக்கும் ஒரே ஆதாரம் மூழ்கடித்தவர்களின் நாட்குறிப்பு. 360 பேரின் கடைசி மணிநேரம் காற்று, அலை, பார்வைத் தூரம் என்ற பத்திகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஜெர்மன் வீரரின் கோணம் என்று நாம் பேசுகிறோமே, அல்மேடா ஸ்டாருக்கு வேறு கோணமே மிச்சமில்லை. அந்த நாளை யாராவது படமாக்க நினைத்தால் யு-96-ன் மேல்தளத்தில் நின்றுதான் எடுக்க முடியும். அப்படி எடுத்தால் அந்தப் படத்தைப் பார்க்கும் நாம் மாலுமிகளோடு சேர்ந்து மூச்சைப் பிடிப்போமா என்பது எனக்குச் சந்தேகம்.

ஐந்தாவது பயணம். ஜூலை 5, அசோர்ஸ் தீவுகளுக்கு வடக்கே. அன்செல்ம் என்ற பயணிக் கப்பலைப் படையினரை ஏற்றிச் செல்லும் கப்பலாக மாற்றியிருந்தார்கள். ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்டோர் அதில் இருந்தார்கள். டார்பிடோ பட்ட இடத்துக்கு அடுத்த கீழ்த்தளத்தில் ஏணிகள் நொறுங்கி, ஆட்கள் உள்ளேயே சிக்கிக்கொண்டார்கள். விமானப்படையின் மதபோதகர் ஹெர்பர்ட் செசில் பியூ, காயம்பட்டவர்களைக் கவனித்துக்கொண்டு மேல்தளத்தில் இருந்தவர், தன்னைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கச் சொன்னார். அடியில் இருப்பவர்களுக்கு மேலே வர வழியில்லை என்று மற்றவர்கள் தடுத்தார்கள். அவர்கள் இருக்கும் இடத்தில்தான் தானும் இருக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். இறங்கினார். தோள்வரை தண்ணீர் ஏறும்போது அவர்களோடு மண்டியிட்டு ஜெபித்துக்கொண்டிருந்ததை மேலே இருந்தவர்கள் கண்டார்கள். சற்று நேரத்தில் கப்பல் போய்விட்டது. 254 பேர் இறந்தார்கள். பியூவுக்கு 1947-ல் ஜார்ஜ் கிராஸ் விருது அறிவிக்கப்பட்டது. இந்த விவரங்கள் அதையொட்டிப் பதிவானவை.

அதே நாள், அதே கடல். காவல் கப்பல்கள் யு-96-ஐ ஆழ்குண்டுகளால் தாக்கின. படகு பலத்த சேதத்தோடு தப்பி, ஜூலை 9 அன்று தளம் திரும்பியது. ஒரு இரும்புக் கூட்டுக்குள் தண்ணீர் ஏறுகிறது, மனிதர்கள் இருட்டில் ஒருவரையொருவர் பிடித்துக்கொள்கிறார்கள், மேலே போக வழியில்லை: ‘தாஸ் போட்’ நமக்குக் காட்டும் அந்தக் கொடுமையை, அதே படகு நான்கு மாதம் முன்பு இன்னொரு கப்பலின் அடித்தளத்துக்குக் கொண்டுபோயிருந்தது. அது நடந்த பயணத்தில் புக்ஹைம் இல்லை. அவர் ஏறியது, ஒரே ஒரு சரக்குக் கப்பலை மூழ்கடித்துவிட்டுத் தானே அதிகம் அடிவாங்கித் திரும்பிய பயணத்தில். நாவலும் படமும் அந்த ஜன்னல் வழியாகவே இந்தப் படகைப் பார்த்தன. மொத்தம் 11 பயணங்களில் யு-96 மூழ்கடித்தவை 27 கப்பல்கள், 1,81,000 டன்னுக்கும் மேல். பார்வையாளர் மனதில் நிற்பதோ அடிபடும் படகு மட்டும்.

படத்தில் ஒரே ஒரு காட்சி இந்தச் சுவரை உடைக்கிறது. மூழ்காமல் எரிந்துகொண்டிருக்கும் எண்ணெய்க் கப்பலுக்குத் தளபதி இன்னொரு டார்பிடோ விடுகிறார். அப்போதுதான் அதில் இன்னும் ஆட்கள் இருப்பது தெரிகிறது. தீப்பிடித்தவர்கள் கடலில் குதித்துப் படகை நோக்கி நீந்துகிறார்கள். பின்னோக்கிச் செல்ல உத்தரவிடுகிறார் தளபதி. மாலுமிகள் சிலர் அழுகிறார்கள். அந்தக் காட்சிக்கு ஆதாரம் தேடி அக்டோபர்–டிசம்பர் பக்கங்களைத் துருவினேன். அந்தப் பயணத்தில் எண்ணெய்க் கப்பல் எதுவும் மூழ்கடிக்கப்படவில்லை. ஆனால் பின்னால் போனால் கிடைக்கிறது: பிப்ரவரியில் ஆர்தர் எஃப். கார்வின், ஏப்ரல் 28-ல் ஆயில்ஃபீல்டும் நார்வேயின் கலிடோனியாவும். மூன்றும் எண்ணெய்க் கப்பல்கள், மூன்றும் யு-96-ன் கணக்கில். படகில் பழைய ஆட்கள் சொன்னதைக் கேட்டுப் புக்ஹைம் இந்தக் காட்சியைச் செய்தாரா, வேறு படகில் கண்டதையா என்பதற்குத் தாள் சாட்சி கிடையாது. என் ஊகம் இதுதான்: முந்தைய பயணங்களின் சுமையில் ஒரு துளி, கற்பனை என்ற வழியாக ஏழாவது பயணத்துக்குள் கசிந்திருக்கிறது. படத்தில் வரலாற்றுப்படி ‘பொய்’யான காட்சிகளில் அந்தப் படகுக்கு மிக உண்மையானது அதுவே என்று நினைக்கிறேன்.

மாலுமிகள் அழுதார்களா? இந்தக் கேள்விக்கும் ஒரு காகித வழி இருக்கிறது. 2001-ல் ஜெர்மன் வரலாற்றாசிரியர் ஸோன்கே நைட்ஸெல், பிடிபட்ட நீர்மூழ்கி மாலுமிகளின் பேச்சை ஒட்டுக்கேட்ட குறிப்புகள் உண்டு என்று ஒரு புத்தகத்தில் படித்துவிட்டு, லண்டனில் கியூ ஆவணக்காப்பகத்தில் அவற்றைக் கேட்டு வாங்கினார். கனமான கட்டாக வந்தது. போர்க்காலத்தில் பிரிட்டிஷ் உளவுத்துறை, கைதிகள் தங்கியிருந்த அறைகளில் ஒலிவாங்கிகளை மறைத்துவைத்து, அவர்கள் தமக்குள் பேசியதைத் தட்டச்சு செய்திருந்தது. சமூக உளவியலாளர் ஹரால்ட் வெல்ட்ஸரோடு சேர்ந்து 2011-ல் அவர் வெளியிட்ட ‘ஸோல்டாட்டன்’ நூல் அந்தத் தாள்களிலிருந்து பிறந்தது. அதிகாரிக்காக எழுதாத, நினைவுக்காக மெருகேற்றாத பேச்சு. மூழ்கடித்த டன் கணக்கு, தப்பிய கதை, வேடிக்கை. குழந்தைகள் இருந்த கப்பலை மூழ்கடித்ததைப் பற்றிக்கூட ஒருவர் சாதாரணமாகப் பேசுகிறார். 1940 செப்டம்பரில் யு-48 மூழ்கடித்த சிட்டி ஆஃப் பெனாரஸ் நினைவுக்கு வராமல் இருக்காது. பாதுகாப்புக்காகக் கனடாவுக்கு அனுப்பப்பட்ட 90 குழந்தைகளில் 77 பேர் அதில் இறந்தார்கள். அந்தக் கப்பலின் பணியாளர்களில் பெரும்பாலோர் லஸ்கர்கள் என்று அழைக்கப்பட்ட இந்தியக் கடலோடிகள். அவர்களிலும் பலர் கரை சேரவில்லை. பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களின் கொதிகலன் அறைகளில் கரி தள்ளிய நம் நாட்டுக்காரர்களில் கல்லறை இல்லாமல் போனவர்கள் ஏறக்குறைய 6,000 பேர். அவர்கள் பெயர்கள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் நினைவுப் பதிவேட்டில் இருக்கின்றன. நீர்மூழ்கிப் போர் எங்கோ யாருக்கோ நடந்ததல்ல.

ஒட்டுக்கேட்ட பேச்சைக் காட்டி ‘தாஸ் போட்’ பொய் என்று நிறுவ நான் வரவில்லை. அறையில் நாலு பேர் முன் பெருமை பேசுகிறவர் ஆழ்குண்டு வெடிக்கும்போது குழந்தையாகியிருக்கலாம். இரண்டும் ஒரே ஆள்தான். லேமன்-வில்லன்ப்ராக்கும் அப்படித்தான். 1941-ல் அல்மேடா ஸ்டாரை மூழ்கடித்தவர் 1959-ல் ஒரு சரக்குக் கப்பலின் கேப்டனாக, நடுக்கடலில் தீப்பிடித்த பிரேசில் கப்பலிலிருந்து 57 பேரைக் காப்பாற்றினார். படத்தில் அவர் வேடத்தில் யூர்கன் ப்ரோஷ்னோ வரைந்த களைத்த, நாஜிகளைப் பிடிக்காத, யாரையும் நம்பாத மனிதருக்குள் இந்த இரண்டு நாட்களுமே இல்லை. மூன்றரை மணி நேரத்துக்கு நீளும் 1997 பதிப்பிலும் இல்லை. படகில் கொள்கைப்பிடிப்புள்ள நாஜி என்று ஒரே ஒரு அதிகாரியைக் காட்டி, மற்றவர்களை அவரைப் பார்த்துச் சிரிப்பவர்களாக நிறுத்தியிருப்பதுதான் படத்தின் பலவீனமான இடம் என்பேன். ஆணிகூட அசலாக இருக்கும் கூட்டுக்குள் அரசியல் மட்டும் அரங்கப் பொருளாக நிற்கிறது.

படம் தொடங்கும்போது ஒரு கணக்கு வருகிறது: நீர்மூழ்கிகளில் சென்ற 40,000 ஜெர்மானியரில் 30,000 பேர் திரும்பவில்லை. கீல் அருகே மோல்டென்ஓர்ட் நினைவிடத்தின் பெயர்ப் பட்டியல் அந்தக் கணக்கை ஏறத்தாழ உறுதிசெய்கிறது. அந்த எண்ணுக்கு எதிரே லண்டன் டவர் ஹில் நினைவிடத்தில் இரண்டாம் போரின் வணிகக் கடலோடிகள் ஏறக்குறைய 24,000 பேரின் பெயர்கள் இருக்கின்றன. அல்மேடா ஸ்டாரின் பணியாளர்கள் அங்கே. அதில் சென்ற விமானப் பிரிவினரின் பெயர்களோ லீ-ஆன்-சோலன்ட் நினைவிடத்தில். ஒரே கப்பலில் ஒன்றாகச் செத்தவர்களைத் தேட இரண்டு ஊர்ப் பதிவேடுகளைப் புரட்ட வேண்டியிருந்தது.

அன்செல்ம் விஷயத்தில் நிலைமை வேறு. அங்கே பிழைத்தவர்கள் ஆயிரம் பேர். அவர்கள் சொன்னவை பதிவாகியிருக்கின்றன. காவல் கப்பல்களின் அறிக்கைகள் பிரிட்டனில். யு-96-ன் ஐந்தாவது பயண நாட்குறிப்பு ஃப்ரைபுர்க்கில். ஜூலை 5-ம் தேதியின் ஒவ்வொரு கால் மணியையும் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டியெழுப்பலாம்: பெரிஸ்கோப்பில் கப்பல் தெரிந்த நேரம், டார்பிடோ கிளம்பிய நேரம், பியூ கயிற்றில் இறங்கிய நேரம், முதல் ஆழ்குண்டு வெடித்த நேரம், படகுக்குள் விளக்கு அணைந்த நேரம். வகானோவின் கேமரா நுழைந்த அதே அகலத்துக்குள் ஒரு காட்சி, அன்செல்மின் கீழ்த்தளத்தில் அடுத்த காட்சி. ஜெர்மன் வீரரின் பக்கத்திலிருந்து போரை நிஜமாகக் காட்ட விரும்பும் இயக்குநருக்குத் தேவையான தாள்கள் எல்லாமே இருக்கின்றன. நான் இப்போது அவற்றை மணிவாரியாக ஒரே அட்டவணையில் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.